அலுமாரிக்குள் பெய்த மழை

போன ஞாயிறு காலை. வெளியே முழங்கால் அளவு பனி. பூசைக்குப் போக உடுப்பு எடுக்க அலுமாரியைத் திறந்த என் மனைவி றோசலின் அப்படியே நின்றுவிட்டாள்.

“இஞ்சாருங்கோ... உங்கடை கோட்டுக்குள்ளை மழை பெய்யுது.”

இந்த வயதில் ஒருவருக்கு என்னவும் நடக்கலாம் அல்லவா? பயந்துபோய் எழுந்து வந்தேன். அவள் சொன்னது சரி. காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது வருமே ஒரு மணம் — அதே மணம், மைனஸ் இருபதில், எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் அபார்ட்மென்ட்டில்!

கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். நாலாக மடித்த கோப்பி வடிதாள் ஒன்று வந்தது. அதைக் கண்டதும் எனக்கு வியர்த்துவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் இத்தனை நாளும் மற்றவர்களின் பிழைகளையே எழுதி வந்தேன். இது என்னுடையது.

ஒக்டோபரில் எங்கள் பங்கு மண்டபத்துக்குக் கைலாஷ் என்று ஒருவர் வந்தார். வட இந்தியாவில் கன்னோஜ் அவருடைய ஊர். பரம்பரையாக அத்தர் வடிக்கிற குடும்பமாம். வெளிநாட்டவர் வந்து அந்த வேலையை நேரில் பார்க்கவேண்டும் என்று இப்போது சுற்றுலாவும் நடத்துகிறாராம். எங்கள் சனம் வேளாங்கண்ணிக்குப் போவதைக் கேள்விப்பட்டு, “அப்படியே எங்க ஊருக்கும் வந்துட்டுப் போங்க” என்று அழைக்க வந்திருந்தார். பத்துப் பேர் சேர்ந்தால் பயணம். இல்லாவிட்டால் இல்லை.

வேளாங்கண்ணி எங்கே, கன்னோஜ் எங்கே? அது போகட்டும். வடநாட்டுக்காரர் எப்படி மெட்ராஸ் தமிழ் பேசுகிறார்? கேட்டேன்.

“பதினஞ்சு வருஷம் மெட்ராஸ்ல கடை வெச்சிருந்தேன் சார்.”

பதில் ரெடியாக இருந்தது. கேட்டவுடன் வருகிற பதிலை நம்பக்கூடாது என்பது என் முப்பது வருட வாத்தியார் அனுபவம். யாழ்ப்பாணத்தில் கெமிஸ்ட்ரி படிப்பித்தவன் நான்.

பிறகு ஒரு குட்டிப் போத்தலை எடுத்தார். மண் அத்தர். சுட்ட மண்ணைச் செப்புப் பானையில் தண்ணீரோடு கொதிக்கவிட்டு, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவார்களாம். மழை மணம் அதில் தங்கிவிடுமாம்.

பக்கத்தில் இருந்த அருளப்பு என் காதுக்குள் சொன்னார்: “மாஸ்டர், அடுத்த முறை வெயிலையும் போத்திலிலை கொண்டு வருவான்.”

நான் சிரித்தேன். றோசலின் சிரிக்கவில்லை. முகர்ந்தாள்... கண்ணை மூடினாள்... நேரே போய்ப் பட்டியலில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதினாள். இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடம். சென்ட் லோரன்ட் தொழிற்சாலை ஒன்றில் தைத்தே முதுகு வளைந்தவள். ஓரிடம் போய்ப் பார்க்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதை அன்றுதான் முதல்முறை கண்டேன். அவளைப் பார்த்து இன்னும் ஏழு பேர் எழுதினார்கள்.

எனக்குள் இருந்த வாத்தியார் எழும்பினார். கோப்பிப் பானைக்குப் பக்கத்தில் கிடந்த வடிதாளில் ஒரு சொட்டு விட்டேன். பள்ளிக்கூடச் சோதனைதான் — மலரில், மரத்தில் வடித்த எண்ணெய் என்றால் பறந்துவிடும். மலிவான எண்ணெய் கலந்திருந்தால் கறை நிற்கும். தேநீர் முடிந்ததும் தாளை வெளிச்சத்தில் பிடித்தேன்.

கறை பளபளத்தது.

“கலப்படம்!” என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்க. சாட்சிக்கென்று தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

“சார், அது சந்தனம் சார். லேசுல போவாது. ஒரு மாசம் டைம் குடுங்க, அப்புறம் பாருங்க.”

“ஒரு மாசத்தாலை நீர் எங்கை, நாங்கள் எங்கை?”

சனம் கைதட்டியது. ஏமாற்றுக்காரர் எல்லோரும் கேட்பது அவகாசம்தானே? ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரை வெட்டினார்கள். றோசலின் மட்டும் கதிரையை விட்டு எழவில்லை.

அவள் பெயரை நான்தான் வெட்டினேன். அவளைக் கேட்காமல்.

கைலாஷ் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். போகமுதல் எங்களோடு நின்று கதிரைகளையும் அடுக்கினார். அதையும் நடிப்பென்றே நினைத்தேன்.

போன ஞாயிறு அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கறை இல்லை. மலிவான எண்ணெய் என்றால் இன்றும் இருந்திருக்கும். எல்லாம் போய், மணம் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் பறந்துவிடும் என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்! பறக்க எவ்வளவு நாள் எடுக்கும் என்று ஒரு வகுப்புக்கும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று கறையைக் கண்டதும் எனக்கு வந்தது கோபம் அல்ல... சந்தோஷம். அவள் என்னைக் கேட்காமல் எழுதிய பெயர் அது.

பூசை முடிந்து எல்லோரிடமும் சொன்னேன். அருளப்பு மேலும் கீழும் பார்த்தார். “அப்ப வெயில் போத்திலும் உண்மையா இருக்குமோ, மாஸ்டர்?”

கைலாஷின் தொலைபேசி எண்ணுக்கு எங்கே போவது? றோசலின் ஜெபப் புத்தகத்தைத் திறந்தாள். அவர் கொடுத்த துண்டுப் பிரசுரம் உள்ளே இருந்தது. மூன்று மாதமாக!

டெப்பனர் என்கிற மூலைக் கடையில் தொலைபேசிக் கார்டு வாங்கி வந்து பேசினேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் முடிக்கவிடவில்லை.

“கறை போயிடுச்சா சார்?”

“போட்டுது.”

“அப்ப அம்மா பேரை எழுதிக்கட்டுமா?”

அவ்வளவுதான். அந்த மனிதரைத்தான் நான் கைதட்டலோடு அனுப்பிவைத்தேன்.

றோசலின் புதுத் தாளில் தன் பெயரை எழுதி, பேனையை மூடினாள்.

“என்ரை பேர்?” என்றேன்.

“ஒரு மாசம் பொறுங்கோ. உங்கடை கறையும் போகுதோ எண்டு பாப்பம்.”

இன்று ஆறாம் நாள்.