கோழியை மறைத்த காலண்டர்

துறைமுகக் கிடங்கின் ஈரமும் காய்ந்த கோந்தும் கலந்த ஒரு வாசனை அப்பாவின் "சுருள்"களுக்கு உண்டு. ரப்பர் பாண்டைக் கழற்றிக் கூடத்தில் விரித்ததும் முதலில் அந்த வாசனை வரும், பிறகு அம்மாவுக்குத் தும்மல் வரும், அதற்கப்புறம்தான் விளம்பரப் படம் கண்ணில் படும். அது மறுபடி சுருண்டுகொள்ளாமலிருக்க மூலைகளில் எங்கள் வீட்டுக் கல்லுரல் குழவியையும் என் பள்ளிக்கூட ஷூக்களையும் வைப்போம். அம்மா அந்த மொத்தச் சேகரிப்பையும் "குப்பை லோடு" என்றுதான் சொல்வாள்.

அபிராமபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். வங்கியில் வேலை பார்த்த அப்பா, சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் மயிலாப்பூரில் ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போவார். கப்பலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் வெளிநாட்டுக் கழிவுத்தாளில் கெட்டியானதையெல்லாம் அந்தக் கடைக்கார பாய் பொட்டலம் கட்டுகிறவர்களுக்கென்று தனியாகப் பிரித்து வைத்திருப்பார். அதில்தான் ஒரு நாள், கட்டம் கட்டமான எழுத்தோடும் ஆவி பறக்கும் கோப்பையோடும் ஒரு தேயிலை விளம்பரம் அகப்பட்டது. பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உருது இல்ல சார். நம்மளுது மாதிரி வலதுலேர்ந்துதான் போவுது, ஆனா எழுத்து வேற. இத்த வச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டாராம். அப்பா காசைக் கொடுத்துவிட்டு அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டி, அது யூதர்களின் எழுத்து என்று கண்டுபிடித்தார். கடல் கடந்த ஏதோ ஊரில் ஓர் அச்சுக்கூடத்தைக் காலி செய்து மொத்தமாக எடைக்குப் போட்டிருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். அதற்கேற்ப, அந்த வருஷம் முழுக்க வாரத்துக்கு ஒன்றாவது வந்துகொண்டே இருந்தது. திராட்சை ரசம், சோடா, மத்தி மீன் டப்பா, சப்பாத்தியும் இல்லாமல் அப்பளமும் இல்லாமல் குத்துக் குத்தாக ஓட்டை போட்ட ஒரு ரொட்டி என்று சாப்பிடுவதும் குடிப்பதுமாகவே வந்தன. வாசிக்கத் தெரியாத விளம்பரங்களை ஒரு மனிதர் சேர்ப்பதை நாங்கள் யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் பழுதான கடிகாரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

எங்களோடு இருந்த கனகம் அத்தை அப்பாவின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். சமையலறை அவளுடைய ராஜ்ஜியம், அதன் சட்டம் "பத்து". எங்கள் மாதிரி வீடுகளில் சாதமும் குழம்பும் பத்து, பாலும் தயிரும் நெய்யும் பத்தில்லாதவை. சாதத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் தயிர்ப் பாத்திரத்தைத் தொட்டால் அத்தையின் ஒரு பார்வை போதும், அன்றைக்குத் தயிர் இறங்காது. முட்டையெல்லாம் பேச்சிலேயே வரக்கூடாது. ஒருமுறை அப்பா பேக்கரிக்காரன் பேச்சை நம்பிக் கேக் வாங்கி வந்து, அத்தையும் ஒரு துண்டு சாப்பிட்டு, மறுநாள் அதில் முட்டை உண்டு என்று தெரியவந்தபோது, அவள் சண்டை போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு திருவான்மியூரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனவள் தீபாவளிக்குத்தான் திரும்பினாள். அதுவரை அப்பா சரியாகச் சாப்பிடவே இல்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்தப் படம் வந்தது. தலையை மூடிய ஒரு பெண், வெள்ளை விரிப்பு மேஜையில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டுக் கண்களைக் கைகளால் பொத்திக்கொண்டு நிற்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீடுகளில் அப்படி விளக்கேற்றுவது வழக்கம் என்று அப்பா புத்தகத்தில் படித்ததைச் சொன்னதும் அத்தை கரைந்துவிட்டாள். அதை சுவாமி அலமாரிக்கு எதிர்ச்சுவரில் மாட்டச் சொன்னாள். மாட்டிய அப்பா, படத்தின் கீழ்மூலையை மறைத்து ஒரு தினசரிக் காலண்டரையும் மாட்டினார். அங்கே ஒரு கொழுத்த கோழியும் டின்னும் இருந்தன. டின்மேல் பொடி எழுத்தில் இருந்த ஆங்கிலத்தின்படி, விளம்பரம் கோழிக்கொழுப்புக்கு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் தெரியும், அத்தைக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் அவள் எங்கள் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, அந்தப் பெண்ணின் நெற்றிக்கும் ஒரு துளி குங்குமம் வைப்பாள். காலண்டரில் தாள் கிழிப்பதை அப்பா வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போனது. பிறகு நூலக நண்பர் ஒருவர் மூலம் கேள்விப்பட்டு, இதே மாதிரி விளம்பரங்களைச் சேர்க்கும் ரூத் என்ற வெளிநாட்டு யூத அம்மையார், கொச்சிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், அப்பா லீவு போட்டிருந்தார். சுருள்களையெல்லாம் பார்த்து முடித்தவர் சுவரைப் பார்த்ததும் எழுந்து போய், யாரும் தடுப்பதற்குள் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். காப்பித் தம்ளரோடு வந்த அத்தை கோழியை நேருக்கு நேர் பார்த்தாள்.

அப்பாவின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. இதோ கழற்றிவிடுகிறேன், அந்த அம்மாவுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று ஸ்டூலை இழுத்தார். தன்னிடம் இல்லாத ஒன்று அது என்பதால் ரூத் அம்மையாரும் ஆசையோடு கை நீட்டிவிட்டார். அத்தை பையை எடுக்க உள்ளே போகப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் தம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

"ராமு, சித்த இரு. இந்த அழுக்கைத் தொட்ட கையோட இவா பாலைத் தொடுவாளான்னு கேளு."

அப்பா ஆங்கிலத்தில் கேட்டார். ரூத் அம்மையார் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னதை அப்பா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். இறைச்சியும் பாலும் அவர்கள் வீட்டில் ஒருபோதும் சேராது. ஒன்றைச் சாப்பிட்டால் மற்றதற்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். பாத்திரம் தனி, அலமாரி தனி.

"கரண்டி?" என்றாள் அத்தை.

கரண்டியும் தனி.

"அப்ப பத்து பாக்கறவாதான்" என்றாள் அத்தை. கோழியைப் பற்றி அதன்பின் அவள் பேசவில்லை. ஸ்டூலில் பாதி ஏறி நின்ற அப்பாவைப் பார்த்து, "எறங்குடா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வெளக்கு வைக்கற நாழியில, கண்ணப் பொத்திண்டு நிக்கற பொம்மனாட்டிய ஆத்த விட்டு அனுப்பறது உண்டா? நாளைக்கு வந்து எடுத்துக்கச் சொல்லு" என்றாள்.

நாளைக்கு முடியாது என்றார் ரூத் அம்மையார். இன்று பொழுது சாய்ந்ததிலிருந்து நாளை நட்சத்திரம் தெரியும்வரை அவர் எதையும் தூக்கிக்கொண்டு வெளியே போகக்கூடாது, கொடுக்கல் வாங்கலும் கூடாது. அது முடிந்ததும் அவருக்கு விமானம். அப்பா இதைச் சொல்லி முடித்தபோது அத்தை சிரித்தாள். வந்தவரும் சிரித்தார். இருட்டுமுன் ஓட்டல் அறைக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் அவசரமாகக் கிளம்பிப் போனபிறகு, அத்தை காலண்டரைத் தன் கையாலேயே இழுத்து, கோழி தெரியாதபடி நேராக மாட்டினாள். அன்றைக்கும் குங்குமம் வைத்தாள். அப்பா இரண்டாவது முறை ரசம் கேட்டுச் சாப்பிட்டார்.

மற்ற சுருள்களை அப்பா பிற்பாடு ஒவ்வொன்றாக அந்த அம்மையாருக்கே தபாலில் அனுப்பிவிட்டார். அத்தை போய், அப்பா போய், வீட்டையும் இடித்து அடுக்ககமாகக் கட்டிவிட்டார்கள். என் ஃபிரிட்ஜில் சாம்பாரும் தயிரும் ஒரே தட்டில் இருக்கின்றன. பத்து என்றால் என் மகளுக்கு ஒன்பதுக்கு அடுத்தது. படம் மட்டும் கண்ணாடிச் சட்டத்தில், கோழியும் டின்னும் தெரியக் கூடத்தில் இருக்கிறது. நான் அடையாறில் அலுவலகம் முடிந்து வீடு சேர எட்டு மணியாகிவிடும். வெள்ளிக்கிழமை நேரத்தோடு விளக்கேற்றுகிறவள் எங்கள் வீட்டில் இப்போது அந்தப் படத்துப் பெண் ஒருத்திதான்.