சுவரைப் பார்த்துச் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். சிதம்பரத்தில் விடுதியில் தங்கி விலங்கியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கடலூர் முதுநகரில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், அம்மா கருவாடு விற்பவர். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

விடுதிக்குப் பக்கத்து வீட்டைக் காலி செய்து போனவர்கள், கொல்லைப்புறத்தில் தங்கள் நாயைக் கட்டியபடியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் சுவருக்கு மேலாக இட்லியைப் போட்டுவிட்டு, வார்டன் பார்ப்பதற்குள் ஓடிவருவோம். ஒரு நாள் துணிந்து உள்ளே போய்ப் பார்த்தால், கயிறு கழுத்தை அறுத்துப் புண்ணாக்கியிருந்தது. கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போய் மருந்து போட்டோம். அப்புறம் எங்கே விடுவது? தேர்வுக்கு முந்தைய விடுமுறை வந்ததால், மாமாவின் லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

வந்த வியாழக்கிழமையே அது கட்டிலுக்கு அடியில், சுவரோரம் போய் ஒடுங்கிக்கொண்டது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் விடவில்லை. தரையில் குப்புறப் படுத்து, தட்டை மூக்குக்கு நேரே நீட்டி, "சாப்பிடு, சாப்பிடு" என்று கொஞ்சினேன். எவ்வளவு தின்கிறது என்று எழுத ஒரு நோட்டு வேறு வைத்திருந்தேன். அதில் எழுத ஒன்றுமில்லை.

இதற்குள் தெருவுக்கே செய்தி பரவி, பெண் பார்க்க வருவது போல் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நானும் கட்டிலை நகர்த்திக் காட்டி, நாயின் குணங்களைப் பற்றி விளக்கம் சொல்வேன். அம்மாதான் இடையில், "இவ மூணு வருஷமா தவளையத்தான் அறுத்தா, நாயப் பத்தி எங்க படிச்சா" என்று காலை வாருவாள்.

சனிக்கிழமை அப்பா கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "மூணு நாளா பட்டினி கெடக்குது. நம்ம வூட்ல செத்துப்போனா நமக்குத்தான் பாவம். திங்கக்கெழம மாமா வண்டி சிதம்பரம் போவுது. ஆஸ்பத்திரியிலயே கொண்டுபோய் விட்டுரு" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். வருத்தமாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் எதிர் வீட்டு அத்தை, பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐந்து பேர் குனிந்து பார்த்தார்கள். நாயின் கண் ஒவ்வொரு முகமாகத் தாவியது. எங்கே பார்த்தாலும் ஒரு முகம் இருந்தது. பயத்தில் இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

விடுதி மெஸ்ஸில் என் முதல் நாள் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. நான் சோற்றைப் பிசைவதை எதிரே இருந்த பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு கவளம்கூட இறங்காமல் எழுந்து போனேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, சும்மாதான் பார்த்தார்கள். இந்த நாயும் சிதம்பரத்தில் நாங்கள் ஓடிப்போன பிறகுதானே இட்லியைத் தின்றது?

எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். "ரொம்பப் படிச்சிட்டா இப்பிடித்தான்" என்று அத்தை முறைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஞாயிறு. மதியம் மீன் குழம்பு. காரம் போடாமல் வேகவைத்து முள் எடுத்த மீனைச் சோற்றில் பிசைந்து கட்டிலோரம் வைத்தேன். பிறகு அப்பா, அம்மா, தங்கை, நான் நால்வரும் நாய்க்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம். யாரும் திரும்பக் கூடாது, பேசக் கூடாது என்பது என் கட்டளை. தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா, "வெளிய யாருகிட்டயும் சொல்லித் தொலைக்காதீங்க" என்று முணுமுணுத்தார்.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு அத்தை குழம்புக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். "என்னாக்கா, வூட்ல சண்டையா? ஆளுக்கொரு பக்கம் திரும்புனா பரவால்ல, நாலு பேரும் ஒரே பக்கம் திரும்பியிருக்கீங்க?"

அம்மா உதட்டில் விரலை வைத்து, பக்கத்துத் தரையைத் தட்டினாள். என்ன நினைத்தாரோ, அத்தையும் கிண்ணத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ஐந்து பேர் ஆனோம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு வண்டி போகும் என்பதே மனசில் ஓடியது. பின்னால் தட்டு லேசாக நகர்ந்தது. பிறகு நக்கும் சத்தம், அப்புறம் அவசர அவசரமாக விழுங்கும் சத்தம்.

"திரும்பிப் பாக்கலாமா?" என்று அத்தை கிசுகிசுத்தார்.

"கம்முனு இரு. சாப்பிடுதுல்ல" என்று அதட்டியவர் அப்பா.

திங்கட்கிழமை மாமா வண்டியோடு வந்தபோது, அப்பாவே வாசலுக்குப் போய் அவரை வெறும் வண்டியோடு அனுப்பிவைத்தார். அடுத்தடுத்த நாட்களில் நாய் ஒரு முழம், ஒரு முழமாக முன்னே வந்தது. நான் விடுதிக்குத் திரும்பிய வாரம் அப்பா போன் செய்தார். தேர்வு பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாய் அவர் முதுகில் சாய்ந்து தூங்குவதாகவும், அதனால் அரை மணி நேரமாக எழுந்திருக்க முடியவில்லை என்றும் சொன்னார்.

இப்போது நான் ஆசிரியை. புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் மிரண்டு உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய் நின்று கொஞ்சுவதில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையாவது எழுத ஆரம்பித்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் மூடி திறக்கும் சத்தம் கேட்கும்போது, பட்டம் வாங்கிய அன்று வந்ததைவிடப் பெரிய பெருமை எனக்கு வருகிறது.