கொருக்குப்பேட்டையில் இருந்தபடி ஒரு கோளைச் சொன்னவர்

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் லாரிக்குக் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அக்காவின் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் போன் செய்தார்.

"சேகரு, உங்க அக்கா காலைலேந்து கதவ தொறக்கல. ஒடச்சி உள்ள போனோம். நாற்காலியிலயே உக்காந்துகினு கீறாங்க. உயிரு இல்லப்பா."

மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு விரைந்தேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான். அரைமணி நேரம் நின்றேன்.

என் அக்கா முனைவர் குணவதி வானியல் ஆய்வாளர். இளம் நட்சத்திரங்களைச் சுற்றித் தூசு ஒரு தட்டுப்போலப் பரந்து சுழலும். அது திரண்டுதான் கோள்கள் பிறக்கும். அந்தத் தூசுத் தட்டுகளை ஆராய்வதே அவர் வாழ்நாள் வேலை. தெருவில் இது யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. "எம்மாடி, என் பொண்ணுக்கு கெரகம் எப்டி கீதுன்னு பாத்து சொல்லேன்" என்று லட்சுமியம்மாள் அடிக்கடி கேட்பார். "உன் பொண்ணு கெரகம் வேற, என் கெரகம் வேறக்கா" என்பார் அக்கா.

நானும் கேட்டிருக்கிறேன், அவ்வளவு தூரத்தில் இருக்கும் கோள் எப்படித் தெரியும் என்று. உப்புமாவுக்கு வைத்திருந்த ரவையைத் தட்டில் பரப்பி, விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "கோடு வுழுந்துச்சா? நான் வெரல பாக்கல, கோட்டத்தான் பாக்கறேன். கோடு கீதுன்னா வெரலும் அங்கதான் கீது."

எங்கள் அப்பாவை நைனா என்போம். கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கியவர். அம்மா நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதே போய்விட்டார். அக்கா முனைவர் பட்டம் பெற்று, நகரின் தென்கோடியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் நைனா பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சு போயிற்று. வலப்பக்கம் முழுதும் அசையவில்லை.

அந்த ஆண்டுதான் சிலி நாட்டுப் பாலைவனத்திலுள்ள பெரிய தொலைநோக்கி நிலையத்திலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தது. மூன்று ஆண்டு வேலை. அவர் தயங்கினார். "நீ போக்கா, நைனாவ நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, துபாயில் எனக்கு வெல்டிங் வேலை வந்தது. "இப்ப வுட்டா விசா போயிடும்க்கா" என்றேன். "போடா, உனக்கு ரெண்டு புள்ளைங்க கீதுங்க" என்றார் அக்கா. பிறகு பெட்டியைத் திறந்து, அடுக்கி வைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு ஆண்டு என்று போனவன் ஒன்பது ஆண்டு கழித்துத் திரும்பினேன்.

அந்த ஒற்றை அறை வீட்டில் நைனாவின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மேசை போட்டு அக்கா நிறுவன வேலையைப் பார்த்தார். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று வீசும் நாட்களில் நைனாவுக்கு மூச்சு முட்டும் என்று ஜன்னலைச் சாத்திவிடுவார். மற்றவர்கள் தொலைநோக்கியில் எடுத்துப் பொதுவில் வைத்த தரவுகளை அங்கிருந்தே அலசினார். ஒரு நட்சத்திரத்தின் தூசுத் தட்டில் மெல்லிய இடைவெளியைக் கண்டு, இன்ன இடத்தில் ஒரு கோள் இருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினார். ஐந்தாண்டு கழித்து வெளிநாட்டுக் குழு ஒன்று அந்த இடத்தையே குறிவைத்துப் படம் பிடித்தது. கோள் அங்கே இருந்தது.

அறிவிப்பு விழாவுக்கு அழைத்தார்கள். அப்போது நான் துபாயில்; நைனாவை யாரிடம் விட்டுச் செல்வது? நைனாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே போனில் விழாவைப் பார்த்தார். "நைனா, நான் சொன்ன கெரகம், பாரு" என்று திரையைக் காட்டினார். நைனா இடக்கையைத் தூக்கி அவர் கன்னத்தைத் தொட்டார். அந்த வாரம்தான் நான் ஊர் திரும்பி, அன்று அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன்.

என்னை வழியனுப்ப வாசலுக்கு வந்தவர், "சந்தோஷம்தான்டா. ஆனா நான் அங்க இருந்திருக்கணும் சேகரு" என்றார். என்னைக் குற்றம் சொன்னது அந்த ஒருமுறைதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நைனா காலமானார். "இப்பவாச்சும் போக்கா" என்றேன். "அங்கெல்லாம் சின்ன வயசுக்காரங்கள கூப்புடுவாங்க. எனக்கு இந்த ரூம வுட்டு வெளிய வரவே பயமா கீதுடா" என்றார். அந்த ஜன்னலை அவர் அதன் பிறகும் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், சான்றிதழ்களுக்காகப் பீரோவைக் குடைந்தேன். சேலைகளுக்கு அடியில் அவருடைய பாஸ்போர்ட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தன. காலாவதியானவை இரண்டு, மூன்றாவதைச் சென்ற ஆண்டுதான் புதுப்பித்திருக்கிறார். மூன்றையும் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எதிலும் ஒரு முத்திரைகூட இல்லை.

போய் வாக்கா. இந்த முறை உன்னை நிறுத்த நான் இல்லை.