வளர்கிற பிள்ளைக்கு அளவெடுத்தல்

மிஷினை மிதிப்பது சுலபம். அளவெடுப்பது இருக்கிறதே, அதில் ஊர் வாயையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். கழுத்தில் டேப் மாட்டிய என் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? கொல்லிமலையில் என் கடைக்கு வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

மூச்சு விடாத பிள்ளை

மலையிலுள்ள நாடுகளில் ஒன்றான தேவனூர் நாட்டிலிருந்து ஓர் அம்மா, நான்காவது படிக்கும் மகள் மேகலாவோடு வந்தார். ஜூனில் ரெடிமேடாக வாங்கிய பள்ளிக்கூடச் சட்டைக்குத் தீபாவளியில் பட்டன் போட முடியவில்லை. புதிதாக ஒன்று தைக்க வேண்டும். வெளியே மேகம் இறங்கி ரோட்டையே மறைத்திருந்தது. கொஞ்சம் கடைக்குள்ளும் வந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே நின்றது. அந்த மங்கலில் மேகலா வயிற்றை எக்கிக்கொண்டு நின்றாள். “மூச்சு விடு கண்ணு” என்றேன். விடவில்லை. வாசலில் பஸ்ஸுக்கு நின்ற பெண்களிடம் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “பாருங்க, நாலாவதுதான் படிக்குது, அதுக்குள்ள பொம்பளையாட்டம் ஆயிப்போச்சுங்க.”

நழுவிய ஜாக்கெட்

தை மாதம் மேகலா பெரிய மனுஷி ஆனாள். சடங்குச் சீருக்குப் பட்டுப்பாவாடையும் ஜாக்கெட்டும் என்னிடம் வந்தன. உளுந்தங்களி, முட்டை என்று சொந்தக்காரர்கள் விடாமல் ஊட்டுவதாகக் கேள்வி. ஆனால் போட்டுப் பார்க்க வந்த அன்று ஜாக்கெட் தோளை விட்டு நழுவியது. ஜன்னலுக்கு வெளியே பலாமரம் மேகத்தில் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. கண்ணாடியில் மேகலாவும் அப்படித்தான் பாதி இருந்தாள், பாதி இல்லை. ஊட்டிய களி எந்தக் கோழிக்குப் போனதோ! பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று கேட்டேன். அம்மா என்னை முறைத்தார்: “ஏனுங்க டெய்லரக்கா, அளவைத் தப்பா எடுத்துப்போட்டு எம்புள்ளயச் சொல்றீங்களா?”

சட்டையின் உள்பக்கம்

ஒரு சாயங்காலம் மேகலா தனியாக வந்தாள். தீபாவளிக்குத் தைத்த சட்டையை நீட்டினாள். “தொளதொளன்னு இருக்குதுங்க்கா, பிடிச்சுக் குடுங்க” என்றாள், பரிசு வாங்கியவள் மாதிரி. ஸ்டூலில் உட்கார்ந்ததும் கண் சொருகியது. பதறிப்போய் டீக்கடையில் பால் வாங்கிக் குடிக்க வைத்தேன். பாதி டம்ளருக்குப் பிறகு மெல்லச் சொன்னாள், “சாப்பிடாம இருந்தா வளர்றது நின்னுரும்னு நெனச்சேனுங்க.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நானும் கூட வருகிறேன் என்றேன். அவர் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் சட்டையை உள்பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். பக்கத் தையலுக்குள் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடங்கிக் கிடந்தது. வளர வளரப் பிரித்து விட, பிள்ளைகள் சட்டை எல்லாவற்றிலும் நாம் விடுகிற துணிதான். அவளுக்கும் அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் விட்டிருக்கிறேன் என்றேன். மேகலா அந்த மடிப்பை வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: “அப்ப நான் வளருவேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?”

மேகலா இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள். மிளகுக்கொடி மளமளவென்று ஏறினால் கும்பிடுகிற எங்கள் ஊர்தான், பிள்ளை வளர்ந்தால் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதை இன்னும் விட்டபாடில்லை.