கைதட்டல் நின்ற இடம்

என் மகன் மாடிப்படி ஏறும்போது நான் கீழே நின்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். அவன் பதில் சொல்லிக்கொண்டே ஏற வேண்டும். பிள்ளையை இது பயந்தாங்கொள்ளியாக்கிவிடுமோ என்று ஒருநாள் கேட்காமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று யோசித்தால், பாலாற்றுக்கு அப்பால் இருக்கும் ஒரு மொட்டைக் குன்றில் போய் நிற்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரு தறி. அன்று அமாவாசை, தறிக்கு விடுமுறை என்பதால் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அத்தைக்கும் லீவு. குன்று ஏறலாம் என்று எங்களைக் கிளப்பினாள்.

"அங்க இன்னா இருக்குது?" என்று கேட்டாள் அம்மா.

"ஒண்ணும் இல்ல அண்ணி. சும்மா ஏறிப் பாத்துட்டு வரலாம்."

அம்மாவுக்கு இது விளங்கவில்லை. மலை என்றால் உச்சியில் சாமி இருக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று பையில் கற்பூரமும் தீப்பெட்டியும் போட்டுக்கொண்டாள்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல். பாடப் புத்தகத்தில் பார்த்த பாலைவனம் போலவே இருந்தது, ஒட்டகம்தான் குறை. மணலைக் கடந்து குன்றில் ஏறத் தொடங்கினோம். பாதி தூரம் சரிவான பாறை. அதற்குமேல் யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல் பெரிய பெரிய உருண்டைக் கற்கள். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க."

"இன்னா அண்ணி, எத்தினி கோயில் படி ஏறி இருக்கீங்க."

"அதுக்கெல்லாம் கைப்பிடி இருக்குதுமா."

பிறகு என்னிடம் சொன்னாள்: "நீ கை தட்டிக்கினே போ. எனக்குக் கேக்கணும். நின்னுச்சுன்னா வந்துடுவேன்."

வீட்டிலும் அவள் அப்படித்தான். அடுப்படியில் இருந்தாலும் காது தறியில் இருக்கும். சத்தம் நின்றால் இழை அறுந்திருக்கிறது என்று பொருள். அப்பா கூப்பிடுவதற்குள் போய் நிற்பாள்.

நான் உற்சாகமாகத் தட்டிக்கொண்டு போனேன். கற்கள் நெருங்கின இடம் வந்ததும் ஒரு சிக்கல். இரண்டு கையாலும் பற்றாமல் அங்கே ஏற முடியாது. இதை அம்மாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முழங்காலை ஊன்றி, அத்தை நீட்டிய கையைப் பிடித்து, இடுக்கில் நுழைந்து ஏறினேன். பாறை ஒரு பக்கம் தோசைக்கல்லாகச் சுட்டது. மறுபக்கம் பானைபோல் குளிர்ந்திருந்தது. ஏன் அப்படி என்று அத்தையைக் கேட்டேன். அவளுக்கு மூச்சு வாங்கியது.

உச்சியில் ஒரு சிறிய சுனை. அதில் தலைப்பிரட்டைகள். ஆறே வறண்டு கிடக்க இங்கே தண்ணீர் எப்படி வந்தது, தவளை எந்த வழியாக ஏறியது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தை என் முகத்தைத் திருப்பித் தூரத்தைக் காட்டினாள். வெள்ளை மணல், தென்னந்தோப்பு, எங்கோ மின்னும் ஏரி, கட்டைவிரல் அளவில் எங்கள் ஊர்க் கோபுரம். எங்கள் வீட்டைத் தேடினேன்.

பின்னால் மூச்சிரைக்கும் சத்தம். அம்மா. புடவையை வரிந்து செருகியிருந்தாள். காலில் செருப்பு இல்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"ஏன்டி நிறுத்துன?"

"ரெண்டு கையும் பாறையில இருந்துச்சும்மா."

என் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "சாமி எங்க?" என்று அத்தையைக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லன்னு அப்பவே சொன்னேனே அண்ணி."

அம்மா பையைத் திறந்து வெறும் பாறைமேல் கற்பூரத்தை வைத்தாள். யாருக்கு என்று கேட்டேன், அவள் தீப்பெட்டியை எடுத்தாள். கிழித்த குச்சி கற்பூரத்தைத் தொடுவதற்குள் அணைந்தது. இன்னொன்றும் அணைந்தது. காற்றை மறைக்க உள்ளங்கைகளைக் குவித்துப் பிடித்தேன். சுனைத் தண்ணீரில் ஒரு சலனமும் இல்லை. காற்றே இல்லாதபோது அம்மா கையில் தீக்குச்சி மட்டும் ஏன் இப்படி ஆடுகிறது என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.