என்சியோ லினக்ஸுக்கு மாறிய சனிக்கிழமை

என்சியோ ரௌத்தியோலாவுக்கு எழுபத்து நான்கு வயது. யோயென்சு நகரில் ஓர் ஒட்டுப்பலகை ஆலையில், சரக்கு அனுப்பும் பிரிவில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தவர். ஆலைக்கு முதல் விண்டோஸ் கணினி வந்து இறங்கியபோது மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் இவர்தான். அன்றிலிருந்து பிரிண்டர் மக்கர் செய்தாலும், திரையில் எழுத்து திடீரென்று பூதாகாரமானாலும் என்சியோவைத்தான் கூப்பிட்டார்கள். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார், அது பெரும்பாலும் சரியாகவே முடிந்தது. சரியாக முடிந்ததுதான் வினை. சறுக்கிப் பார்க்காத கால் பார்த்து நடப்பதில்லை.

வீட்டிலும் அப்படியே பாகம் பிரித்துக்கொண்டார்கள். படகு மோட்டார், விறகு, சவுனா என்ற நீராவிக் குளியலறையின் அடுப்பு எல்லாம் மனைவி இர்மாவின் பொறுப்பு. மோட்டாரைக் கழற்றிப் பூட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த ஏரிக்கரையில் ஆள் கிடையாது. வங்கி, வரி, புகைப்படம், கணினிக்குள் இருக்கிற எதுவானாலும் அவர் பொறுப்பு. அவர் மோட்டாரைத் தொட மாட்டார், அவள் மவுஸைத் தொட மாட்டாள்.

அந்த 'எதுவானாலும்' என்பதில் லெம்பியின் குரலும் அடங்கும். லெம்பி, இர்மாவின் அக்கா. பதினேழு வயது மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் இர்மாவை வளர்த்ததே அவள்தான். இரண்டாம் உலகப் போர் முடிகிற காலத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட வீட்டை விட்டுக் கிளம்பி வந்ததும், வந்த இடத்தில் பட்டதும் குடும்பத்தில் அவள் ஒருத்திக்குத்தான் நினைவிருந்தது. முதியோர் இல்லத்தில் அவள் இருந்த கடைசி வருஷங்களில், மூன்று கோடை காலம் இர்மா ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியோடு பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பேச வைத்தாள். பதினான்கு மணி நேரம். பாதிக் கதை, பாதிச் சிரிப்பு. என்சியோ எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, 'லெம்பி' என்று பெயர் போட்டு வைத்தார். கருவியில் இடம் அடைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று அதைச் சுத்தமாகக் காலி செய்ததும் அவர்தான். அடுத்த வருஷம் லெம்பி போய்விட்டாள்.

இர்மா அவசரப்படவில்லை. ஒருநாள் நிதானமாகக் கேட்டு எழுதி, அக்காவின் பேத்திகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு நிச்சயம் என்று கோடையிலேயே முடிவும் செய்துவிட்டாள்.

அந்த அக்டோபரோடு பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று கணினி வசந்த காலத்திலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தது. புதியதை ஏற்ற அவருடைய பெட்டிக்கு வயது மிஞ்சிவிட்டதாம். நல்ல நிலையில் இருக்கும் சாமானை ஏன் குப்பையில் போட வேண்டும் என்று அவருக்கு ஆத்திரம். அப்போதுதான் நூலகத்தில் ஓர் அறிவிப்பைப் பார்த்தார். சனிக்கிழமை, பழைய கணினியைக் கொண்டுவந்தால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், இலவசம், காபி உண்டு. லினக்ஸ் என்பது ஹெல்சிங்கியில் ஒரு மாணவன் தன் அறையில் உட்கார்ந்து தொடங்கிய சமாச்சாரம் என்பது அந்த நாட்டில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். முப்பது வருஷம் அயலாரின் ஜன்னல் வழியே பார்த்தது போதும், இனி நம்ம வீட்டு ஜன்னல் என்று என்சியோ இர்மாவிடம் பெருமை அடித்தார்.

"லெம்பி பத்திரமா இருப்பாளா?" என்று மட்டும் இர்மா கேட்டாள்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொள்ளவும் செய்தார், அதுதான் கொடுமை. வெள்ளிக்கிழமை காலை ஒரு பென் டிரைவைச் செருகி, திரையில் இருந்த கோப்புறைச் சின்னங்களை ஒவ்வொன்றாக அதற்குள் இழுத்துப் போட்டார். 'புகைப்படங்கள்', 'வரி', 'லெம்பி'. கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. பெட்டிக்கு வயதானாலும் வேகம் குறையவில்லை என்று மகிழ்ந்தார். அதோடு விட்டாரா? அசட்டை செய்கிறவர் இல்லையே. பென் டிரைவுக்குள் போய் 'லெம்பி'யைத் திறந்தார். பதிவுகள் வரிசையாக நின்றன. திருப்தியாக மூடினார்.

அந்தச் சின்னங்களின் மூலையில் பொடி அம்புக்குறி ஒன்று உண்டு. விண்டோஸில் அப்படி அம்புக்குறி போட்டது உண்மையான கோப்புறை இல்லை, அது இருக்கும் இடத்துக்கு வழிகாட்டுகிற சீட்டு. அவர் பென் டிரைவில் போட்டது சீட்டுகளை. அதே கணினியில் திறந்ததால் சீட்டு ஒழுங்காக வழிகாட்டியது, உள்ளே இருந்த அசல் திறந்தது. எத்தனையோ வருஷங்களுக்கு முன்னால் அந்தச் சீட்டுகளைத் திரையில் வைத்தவரே என்சியோதான். தினமும் பார்த்துப் பார்த்து அம்புக்குறி அவர் கண்ணில் படுவது நின்றுபோயிருந்தது.

மறுநாள் நூலகத்தில் உதவிக்கு நின்றவள் பவுலீனா கெஸ்டி, பள்ளியில் கணக்கு டீச்சர். சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் இதைச் செய்கிறவள். வரிசையில் ஏழெட்டுப் பேர், எல்லாருக்கும் மடியில் ஒரு கிழட்டுக் கணினி. என்சியோவின் முறை வந்தபோது, தேவையானதையெல்லாம் வேறு இடத்தில் எடுத்து வைத்தாயிற்றா என்று கேட்டாள். எடுத்தாயிற்று, திறந்தும் பார்த்தாயிற்று என்றார். பவுலீனா தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள். அந்த ஊரில் ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்பார்கள். ஆம் என்று ஒருவர் சொன்ன பிறகு மறுபடி கேட்டால், நீ பொய் சொல்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். நல்ல வழக்கம்தான். இந்தக் கதையைச் சொல்கிற நானும் அப்படித்தான் இருக்கிறேன். ஆனால் அன்று யாராவது ஒரு மரியாதை கெட்டவர் அங்கே இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

டிஸ்க் முழுவதையும் அழித்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. எச்சரிக்கைப் பெட்டியைப் படிக்காமல் முப்பது வருஷம் 'சரி' அழுத்திப் பழகிய விரல் அது. அழுத்தியது.

வீட்டுக்கு வந்து அந்த மாலை முழுக்க அவர் புது மாப்பிள்ளை போல இருந்தார். கணினி சத்தமில்லாமல், சடுதியில் எழுந்து நின்றது. பிரிண்டர் எதுவும் கேட்காமல் வேலை செய்தது. C டிரைவ் எங்கே என்று மட்டும் கொஞ்ச நேரம் தேடினார், பிறகு அது இல்லாமலும் உலகம் சுழலும் என்று ஒப்புக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல் கேட்டது கொஞ்சம் அலுப்பு. இர்மாவைக் கூப்பிட்டுக் காட்டியபோது, பார்க்கப் பழைய மாதிரியேதானே இருக்கிறது என்றாள். அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காபிக்குப் பிறகு பென் டிரைவைச் செருகினார். 'லெம்பி' இருந்தது. திறக்கப் பார்த்தார், திறக்கவில்லை. வலது பொத்தானை அழுத்தி அளவைப் பார்த்தார். பதினான்கு மணி நேரப் பேச்சுக்கு இரண்டு கிலோபைட்டாம். அதில் ஒரு தும்மலைக்கூடப் பதிய முடியாது. மற்ற இரண்டும் அதே அளவு. என்ன செய்திருக்கிறோம் என்று அவருக்கு அங்கேயே விளங்கிவிட்டது. முப்பது வருஷ அனுபவம் அந்த ஒரு நொடிக்குத்தான் பயன்பட்டது.

இர்மாவிடம் அன்று சொல்லவில்லை. அதை நான் மன்னிக்க மாட்டேன், அவரும் மன்னித்துக்கொள்ளவில்லை. திங்களன்று பவுலீனாவுக்குப் போன் போட்டார். பள்ளி விட்டதும் அவள் நேரே வீட்டுக்கே வந்தாள். அவள் மேஜையில் கருவிகளைப் பரப்பியபோதுதான், என்ன விஷயம் என்று இர்மா கேட்டாள், அவரும் சொன்னார். இர்மா போய் விருந்தாளிக்குக் காபி வைத்தாள்.

அந்த டிஸ்க், இரண்டு வருஷம் முன்பு வேகத்துக்காக அவரே மாற்றிய புது வகை. அதில் அழித்தால் அழித்ததுதான், சுவடுகூடத் தங்காது. பவுலீனா மூன்று மணி நேரம் முயன்றாள், தெரிந்தவர்களையெல்லாம் விசாரித்தாள். கடைசியில் கணினியை மூடிவிட்டு, "நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்" என்றாள்.

"நீங்க கேட்டிருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும்" என்றார் என்சியோ. அது உண்மை.

புகைப்படங்களில் பாதி மகள் வீட்டில் இருந்தது. வரிக் காகிதங்களைப் பற்றி யாருக்குக் கவலை? லெம்பி மட்டும் எங்கும் இல்லை. என்சியோ அந்த மாதம் முழுக்க லினக்ஸைத் திட்ட ஒரு காரணம் தேடினார். அது ஒன்றும் கொடுக்கவில்லை. ஒருநாள்கூட நிற்கவில்லை, நச்சரிக்கவில்லை, சொன்னதைச் செய்தது. நல்ல சாமான். அதன் முன்னால் உட்காரவே அவருக்குக் கூசியது. வங்கி வேலையைக்கூட நூலகத்துக்குப் போய்ச் செய்துவிட்டு வந்தார்.

இர்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவர் நினைத்தார். டிசம்பரில் அவள் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்து, மதிய வெளிச்சம் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நினைவிலிருந்ததை எழுதத் தொடங்கினாள். அவர் எதிரே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பார். முன்பு அது அவர் செய்த வேலை இல்லை.

ஒருநாள் பேனா நின்றது.

"கிழவா, ஊர விட்டு வரும்போது லெம்பிதானே பசுவ ஓட்டிக்கிட்டு வந்தா. பாலத்துல அது நகர மாட்டேன்னு நின்னுடுச்சு. அது காதுல என்னவோ சொன்னா, உடனே நடந்துச்சு. என்ன சொன்னா?"

என்சியோ உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தார்.

"அதச் சொல்லிட்டுத்தான் அப்படிச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு ஞாபகம் இருக்கு, வார்த்தை வரல. அந்தப் பதிவு ஏழு வருஷம் உங்கிட்ட இருந்துச்சே. நீ கேட்டிருப்பியே."

"ஒரு தடவகூடக் கேட்டதில்ல, இர்மா." கத்தியைக் கீழே வைத்தார். "பத்திரமா இருக்கான்னு மட்டும்தான் பாத்தேன்."

இர்மா பேனாவை நோட்டின் மேல் வைத்தாள்.

"எனக்கு அடிக்கடி கேக்கணும்போல இருக்கும். உன்னக் கூப்பிட்டுப் போடச் சொல்லணுமேன்னு விட்டுடுவேன்" என்றாள்.

அவர் கத்தியை மறுபடி எடுத்தார். அவள் நோட்டில் பசுவுக்காக நாலு வரி காலியாக விட்டுவிட்டு, அதற்குக் கீழே அடுத்ததை எழுதத் தொடங்கினாள்.