கட்டிலடியில் ஒரு மெஷின்

பூந்தமல்லியில் நான் குடியிருக்கும் ஒற்றை அறையின் வீட்டுக்கார அம்மாள் ஒல்லியானவர். பேசும்போது முகத்தைப் பாராமல் அறையின் மூலைகளையே பார்ப்பார். தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிடும் என்பதால், வாஷிங் மெஷின் வைத்தால் காலி செய்துவிட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. நானோ வாளியளவு மெஷின் ஒன்றைக் கட்டிலடியில் மறைத்து வைத்திருந்தேன்.

ஒருநாள் அது ஓடிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்.

“இன்னா பாப்பா, உள்ள ஏதோ உறுமிக்கினு கீது?”

“டேபிள் ஃபேன், ஆன்ட்டி.”

“ஃபேனா? வெளிய பைப்புல நுரையா ஊத்துதே!”

கீழே இறங்கிப் போனவர் ஒரு நைட்டியோடு திரும்பினார்.

“இத்தையும் உன் ஃபேன்ல போட்டுக் குடு.”

துவைத்துக் கொடுத்தேன். இப்போது வாரந்தோறும் நைட்டி வருகிறது. அது அனுமதியா, என்னை வெளியேற்ற அவர் சேர்த்துவரும் ஆதாரமா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.